மூன்றடித் தொட்டியில் புளூ டாங் வளர்க்கலாமா?

கொழும்பு வெள்ளவத்தையில் தொடர்மாடி ஒன்றில் இருக்கும் தம்பி ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "என்னிடம் மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் ஒரு கடல்நீர்த் தொட்டி இருக்கிறது. அதில் ஒரு சோடி கிளவுன் மீன் நன்றாக இருக்கிறது. இப்போது இரண்டு அங்குல புளூ டாங் ஒன்றும் எம்பரர் ஏஞ்சல் குஞ்சு ஒன்றும் வாங்க ஆசைப்பட்டு முற்பணமும் கொடுத்துவிட்டேன். தொட்டிக்கு ஏற்ற அளவுதான் மீன் வளரும் என்று கடைக்காரர் சொல்கிறார். மீறி வளர்ந்தால் பெரிய தொட்டி வாங்கலாம், இல்லாவிட்டால் கடல் பக்கத்தில்தானே இருக்கிறது, விட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். இது சரியா? இன்னொன்று, என் கிளவுன் சோடியில் ஒன்று வளரவே மாட்டேன் என்கிறது. அதுவும் தொட்டி சிறியது என்பதாலா?"

தம்பி, அந்த இரண்டு மீனையும் இந்தத் தொட்டிக்கு வாங்க வேண்டாம். கிளவுன் மீனைப் பற்றிக் கவலைப்படவும் வேண்டாம். காரணத்தை விரிவாகவே சொல்கிறேன். அது பிடிபட்டுவிட்டால் நாளைக்கு வேறொரு மீனைக் கடையில் பார்க்கும்போது நீங்களே முடிவெடுக்கலாம்.

கடைக்காரர் பொய் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை. சின்னத் தொட்டியில் இரண்டு மூன்று வருடம் இருந்தும் விரல் நீளத்தைத் தாண்டாத மீன்களை அவர் கண்ணால் பார்த்திருப்பார். பார்த்தது உண்மை, அதற்குச் சொல்லும் காரணம்தான் பிழை. தொட்டியின் நீள அகலத்தை அளந்து "இத்தோடு போதும்" என்று நிறுத்திக்கொள்ளும் ஏற்பாடு எதுவும் மீனின் உடம்பில் இல்லை. பெரும்பாலான மீன்கள் மனிதரைப் போல ஒரு வயதோடு வளர்ச்சியை முடித்துக்கொள்வதுமில்லை. குஞ்சுப் பருவத்தில் வேகமாக வளரும், அப்புறம் வேகம் குறையும், ஆனாலும் ஆயுள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கொண்டே போகும். எவ்வளவு வேகம் என்பதைத் தீர்மானிப்பது தீனி, தண்ணீரின் தரம், வெப்பநிலை, ஒட்சிசன், கூட இருக்கும் மீன்கள் ஆகியவை. சின்னத் தொட்டியில் இவை அத்தனையும் ஒன்றாகக் கெடும்.

எப்படிக் கெடும் என்று பாருங்கள். மீன் பெரிதாகப் பெரிதாக அதன் கழிவிலிருந்து உண்டாகும் நைட்ரேட் தண்ணீரில் ஏறுகிறது. நைட்ரேட் ஏறுகிறதே என்று நாம் தீனியைக் குறைக்கிறோம். நீந்த இடமில்லாமலும் ஒளிய இடமில்லாமலும் மீன் ஓயாத பதற்றத்தில் இருக்கிறது. பதற்றம் நீடித்தால் கோர்ட்டிசோல் என்ற ஹோர்மோன் இரத்தத்தில் உயர்ந்தே இருக்கும். அது பசியைக் குறைக்கும், நோயை எதிர்க்கும் சக்தியைக் குறைக்கும், வளர்ச்சிக்குப் போகவேண்டிய சத்தை உயிரைத் தக்கவைக்கும் வேலைக்குத் திருப்பிவிடும். இதன் முடிவாக நிற்கும் குட்டையான மீனைப் பார்த்துவிட்டுத்தான் "தொட்டிக்கு ஏற்ற அளவு" என்கிறார்கள். அதே தொட்டியில் இதற்கு முன் ஆறு மாதத்தில் செத்துப்போன மீன்களை யாரும் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் இன்னொரு கதையும் உலாவுகிறது. உடம்பு வளராமல் நின்றுவிடும், உள்ளுறுப்புகள் மட்டும் வளர்ந்துகொண்டே போய் வெடித்துவிடும் என்பார்கள். அதற்கும் ஆதாரம் கிடையாது. உண்மையில் நடப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். சின்னத் தொட்டியில் நீண்டகாலம் இருந்த ஒரு டாங் மீனைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். உடம்போடு ஒப்பிட்டால் கண் பெரிதாகத் தெரியும். பக்கச் செட்டைக்குக் கீழே வயிறு உட்குழிந்திருக்கும், முதுகின் மேற்பகுதி கத்தி முனை போல ஒடுங்கியிருக்கும். முகத்திலும், செவுளிலிருந்து வால் வரை ஓடும் பக்கக்கோட்டிலும் சின்னச் சின்னக் குழிகள் விழுந்து, தோல் அரித்து வெளிறிப்போயிருக்கும். பழுதான தீனி, மோசமான தண்ணீர், பில்டரில் போடும் கரியின் தூள் என்று அந்த அரிப்புக்குக் காரணங்கள் பல சொல்வார்கள். நெருக்கடியான தொட்டியில் அவை எல்லாம் கூடிவரும். கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் அது நீந்தும் விதமும் தெரியும். வாலை இரண்டு தரம் அடிக்கும், கண்ணாடி வந்துவிடும், திரும்பும். மறுபடி இரண்டு வாலடி, மறுபடி கண்ணாடி. பகல் முழுக்க அதே பாதையில் அதே இடத்தில் திரும்பிக்கொண்டிருக்கும்.

சரி, கணக்குக்கு வருவோம். இந்த விஷயத்தில் ஆட்கள் ஏமாறுவது கணக்கில்தான்.

உங்கள் தொட்டி 3 × 1.5 × 1.5, அதாவது 6.75 கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லீட்டர் என்று வைத்தால் 191 லீட்டர். மேலே விடும் இடைவெளி, கல், மணல் எல்லாம் கழித்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் 150 லீட்டர் அளவில்தான் வரும்.

அடுத்தது மீன். இரண்டு அங்குலம் என்றால் 5 செ.மீ. அது 10 செ.மீ. ஆகும்போது நீளம் மட்டும் இரட்டிப்பதில்லை. உயரமும் தடிப்பும் கூடவே இரட்டிக்கும். ஆக எடை 8 மடங்கு. 20 செ.மீ. ஆனால் எடை 64 மடங்கு. அதன் மூச்சும் கழிவும் சரியாக 64 மடங்கு ஏறாது, பெரிய உடம்பு கிராமுக்குக் கிராம் கொஞ்சம் சிக்கனமாகவே இயங்கும். அந்தச் சலுகையைக் கொடுத்துப் பார்த்தாலும் 25 முதல் 30 மடங்கு வந்துவிடும். வேறு ஒரு மீனையும் சேர்க்காமலேயே, இன்றைக்கு நீங்கள் பார்க்கும் குஞ்சுகள் இருபத்தைந்தை அந்தத் தொட்டிக்குள் கொட்டியதற்குச் சமம் அது. "ஓர் அங்குல மீனுக்கு இத்தனை லீட்டர்" என்று சொல்லப்படும் பழைய விதி கடல்மீனுக்கு ஏன் உதவாது என்பதும் இதிலேயே விளங்கும். அந்த விதி நீளத்தை எண்ணுகிறது. தண்ணீரைக் கெடுப்பது எடை.

தீனியை வைத்தும் பார்க்கலாம். நல்ல உலர்தீனி ஒரு கிராமில் ஏறத்தாழ 45 சதவீதம் புரதம் இருக்கும். புரதத்தில் 16 சதவீதம் நைதரசன். அந்த நைதரசன் முழுவதும் கடைசியில் நைட்ரேட்டாக மாறினால் கிட்டத்தட்ட 0.32 கிராம் வரும். உங்கள் 150 லீட்டரில் அது லீட்டருக்கு 2 மில்லிகிராமுக்குச் சற்று மேல். நாளொன்றுக்கு 3 கிராம் தின்னும் அளவுக்கு மீன் வளர்ந்துவிட்டால், ஒரு வாரத்தில் 45 வரை ஏறக்கூடும். மீன் கொஞ்சத்தைத் தன் உடம்பில் சேர்த்துக்கொள்ளும், கழிவை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மர் கொஞ்சத்தை வெளியே எடுக்கும், ஆகவே உண்மையான ஏற்றம் இதைவிடக் குறைவாகவே இருக்கும். ஆனாலும் வாரத்துக்கு ஒரு தரம் 20 லீட்டர் மாற்றி இதைச் சமாளிக்க முடியாது என்பது தெரிகிறது அல்லவா? இதே தீனி 600 லீட்டர் தொட்டிக்குள் போனால் ஏற்றம் நாலில் ஒரு பங்குதான்.

நைட்ரேட்டாவது மெதுவாக வதைக்கும். அமோனியா அப்படியல்ல. மீன் தன் கழிவு நைதரசனில் பெரும்பகுதியைச் செவுள் வழியாக நேரே அமோனியாவாகத்தான் வெளியேற்றுகிறது. கடல்நீரின் பீஎச் 8.1, 8.2 அளவில் நிற்பதால் அந்த அமோனியாவில் நச்சு வடிவில் இருக்கும் பங்கு நன்னீரில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். பில்டர் ஒருநாள் நின்றால் தங்கமீன் தாங்கும், டாங் தாங்காது.

கொழும்பில் இருப்பதால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கடல்நீரில் ஒட்சிசன் கரைவதே குறைவு. ஒரே வெப்பநிலையில் நன்னீரோடு ஒப்பிட்டால் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறையும். தண்ணீர் சூடானால் இன்னும் குறையும், அதே நேரம் சூட்டில் மீனின் மூச்சுத் தேவை கூடும். மார்ச், ஏப்ரலில் ஏசி இல்லாத மாடி வீட்டில் தொட்டித் தண்ணீர் 30, 31 பாகைக்குச் சாதாரணமாகப் போய்விடும். தண்ணீர் குறைவாக உள்ள தொட்டி சீக்கிரம் சூடாகும். இரவில் பாசியும் ஒட்சிசனை இழுக்கும். இந்த நிலையில் மின்சாரம் போனால் என்ன ஆகும்? 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த காலத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தொட்டியில் மொத்தம் எத்தனை கிராம் மீன் இருக்கிறது என்பதுதான் அப்படிப்பட்ட இரவில் எவ்வளவு நேரம் கையில் இருக்கிறது என்பதைத் தீர்மானிக்கும். இரண்டு கிளவுன் மீன் மட்டும் உள்ள தொட்டியை ஒரு பற்றரி காற்றுப் பம்ப் காப்பாற்றிக் கொடுக்கும். உள்ளங்கை அளவு டாங்கும் ஏஞ்சலும் சேர்ந்துவிட்டால் அந்தப் பம்ப்பை நம்பி இருக்க முடியாது. (அந்தப் பம்ப் உங்களிடம் இல்லையென்றால் முதல் வேலையாக அதை வாங்கி வையுங்கள்.)

இனி, "வளர்ந்தால் பெரிய தொட்டி வாங்கலாம்" என்ற திட்டம். கேட்க நியாயமாக இருக்கிறது, எனக்கும் அது புரிகிறது. ஆனால் டாங் குடும்பத்து மீன்கள் வளரும் முறையைப் பார்த்தால் அந்தத் திட்டம் பெரும்பாலும் பிந்திப்போகும். மீனின் காதுக்குள் இருக்கும் சிறு கற்களில் மரத்தின் வளையங்கள் போல ஆண்டுக்கோடுகள் விழும். அவற்றை எண்ணி அவுஸ்திரேலியாவின் பெரும் பவளத்தொடரில் இந்தக் குடும்பத்து மீன்களின் வயதைக் கணித்திருக்கிறார்கள். பல இனங்கள் முப்பது வருடத்துக்கு மேலும் வாழ்கின்றன. ஆனால் வளர்ச்சியில் பெரும்பகுதியை முதல் சில வருடங்களிலேயே முடித்துவிடுகின்றன. மீதி ஆயுள் முழுவதும் கிட்டத்தட்ட அதே அளவில் ஓடுகிறது. அப்படியென்றால் இடம் அதிகம் தேவைப்படுவது நீங்கள் வாங்கிய உடனே வரும் வருடங்களில்தான். நன்றாகத் தீனி கொடுத்தால் 5 செ.மீ. புளூ டாங் முதல் வருடத்துக்குள் இரட்டிப்பது சாதாரண விஷயம். நீங்கள் காசு சேர்த்து, வீட்டில் சம்மதம் வாங்கி, தொட்டி செய்வித்து, தண்ணீரைப் பக்குவப்படுத்தி முடிப்பதற்குள் அதன் வளர்காலம் கழிந்துவிடும். குஞ்சுப் பருவத்தில் குன்றிப்போன மீன் பிறகு பெரிய தொட்டிக்குப் போனதும் எல்லாவற்றையும் ஈடுசெய்துவிடும் என்று எண்ணவும் வேண்டாம். கொஞ்சம் தேறும். வளைந்த முதுகெலும்பு நிமிராது, அரித்த தோலின் வடுவும் பெரும்பாலும் போகாது.

பெரிய தொட்டி என்று எதைச் சொல்கிறேன்? புளூ டாங்குக்குப் பதிவான அதிகபட்ச நீளம் 31 செ.மீ. தொட்டியில் 20 முதல் 25 வரை வரும் என்று எதிர்பார்க்கலாம். உங்கள் தொட்டியின் அகலம் 45 செ.மீ., அதில் பாதியைக் கல் பிடித்திருக்கும். 25 செ.மீ. மீன் அதற்குள் திரும்புவதே பாடு. ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம், அதாவது 680 லீட்டர் தொட்டிதான் அதற்குக் குறைந்தபட்சம் என்பது என் கருத்து. நாலடித் தொட்டி போதும் என்பவர்களும் இருக்கிறார்கள். குஞ்சாக இருக்கும்வரை அது சரி. அடியில் சம்ப் என்ற துணைத்தொட்டி வைத்தால் தண்ணீரின் அளவு கூடும், நைட்ரேட் கணக்கு இலகுவாகும், ஆனால் மீன் நீந்தும் இடம் ஓர் அங்குலம்கூடக் கூடாது.

நீளத்தை இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் அதன் சுபாவம். மீனின் இறுதி அளவு மட்டும் தொட்டியைத் தீர்மானிப்பதில்லை. 35 செ.மீ. வரை வளரும் சிங்கமீன் பகலில் பெரும்பாலும் ஒரு கல்லடியில் அசையாமல் தொங்கிக்கொண்டிருக்கும். அதைவிடச் சிறிய டாங் விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை மேய்ந்துகொண்டே ஓடும். முடிந்தால் மே முதல் செப்டம்பர் வரைக்கும் கடல் அமைதியாக இருக்கும் காலத்தில் திருகோணமலைப் பக்கம் நிலாவெளிக்குப் போய், புறாத்தீவுக்குப் படகெடுத்து, முகமூடி போட்டுத் தண்ணீருக்குள் பாருங்கள். பவுடர் புளூ போன்ற டாங் மீன்கள் பவளத்தின் மேல் மேய்ந்தபடி, அடுத்த மீனை விரட்டியபடி, கண்பார்வை எட்டும் தூரத்தை ஒரு மூச்சில் கடந்துபோகும். அதைப் பார்த்த பிறகு தொட்டி அளவைப் பற்றி உங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையிருக்காது. பவுடர் புளூ நம் கடலில் கிடைப்பதால் இங்கே கடைகளில் தாராளமாக வரும், அழகும் அப்படி. ஆனால் டாங்குகளிலேயே சண்டைக்காரனும் வெள்ளைப்புள்ளி நோய்க்கு முதலில் விழுவதும் அதுதான். புளூ டாங் கிடைக்காவிட்டால் அதையாவது வாங்கலாம் என்று மனதை மாற்றிக்கொள்ள வேண்டாம்.

வெள்ளைப்புள்ளியைச் சொன்னதால் ஒரு வார்த்தை. அந்த ஒட்டுண்ணி மீனை விட்டுக் கீழே விழுந்து, மணலிலும் கல்லிலும் ஒட்டிப் பெருகி, நூற்றுக்கணக்கான குஞ்சுகளாக வெளிவந்து மறுபடி மீனைத் தேடும். சின்னத் தொட்டியில் அவை தேடி அலையவே தேவையில்லை, மீன் எப்போதும் பக்கத்தில்தான் இருக்கும். நெருக்கமான தொட்டியில் இந்த நோய் இரண்டு வாரத்தில் எல்லா மீனையும் பிடிப்பது இதனால்தான்.

எம்பரர் ஏஞ்சலின் கதை இன்னும் கடினமானது. நீங்கள் பார்த்த குஞ்சு கருநீலத்தில் வெள்ளை வளையம் வளையமாக இருந்திருக்கும். அந்த வளையத்துக்காகத்தான் அதை எல்லோரும் வாங்குகிறார்கள். ஆனால் அது குஞ்சுச் சட்டை. 10 செ.மீ. அளவை எட்டும்போது வளையம் கலையத் தொடங்கும், அதன் இடத்தில் மஞ்சளும் நீலமுமாக நெடுங்கோடுகள் வரும், கண்ணின் குறுக்கே கறுப்புப் பட்டை விழும். முழுதாக வளர்ந்தால் 40 செ.மீ. வரை போகும். உங்கள் தொட்டியின் அகலம் 45 என்பதை இங்கே மறுபடி நினைத்துப் பாருங்கள். நெருக்கடியில் வளரும் எம்பரருக்கு அந்த நிறமாற்றமும் ஒழுங்காக நடக்காது. வளையமும் கோடும் பாதிப்பாதியாகக் குழம்பி, மங்கலாக அப்படியே நின்றுவிடுவதைப் பலர் பார்த்திருக்கிறார்கள். இதற்கு ஆறடியும் பற்றாது, எட்டடித் தொட்டியைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும். கடலில் கடற்பஞ்சை மேய்ந்து வாழும் மீன், தீனியிலும் அதைச் சேர்க்க வேண்டும், வளர்ந்ததும் தொட்டி முழுவதையும் தன் எல்லையாக்கிக்கொள்ளும்.

குஞ்சாக இருக்கும்போது மனதை மயக்கி விற்பனையாகும் மீன்கள் இன்னும் இருக்கின்றன. வௌவால் மீன் 50 செ.மீ. தாண்டும். வெள்ளைப் பெரும்புள்ளிகளோடு நெளிந்து நெளிந்து ஆடும் சுவீட்லிப்ஸ் குஞ்சு 70 செ.மீ. வரை போகும், பெரும்பாலும் தீனியையே தொடாமல் மெலிந்து செத்தும் போகும். பாந்தர் குரூப்பரும் 70 அளவு. கிளவுன் டிரிகர் 50, அதோடு உங்கள் கிளவுன் மீனைத் தின்னவும் செய்யும். இவை எதையும் வீட்டுத் தொட்டிக்கு நினைக்கவே வேண்டாம்.

இனி உங்கள் கிளவுன் மீன். "மீன் இடத்துக்கு ஏற்ற அளவில் வளரும்" என்ற பேச்சில் எங்காவது ஒரு துளி உண்மை இருக்கிறதென்றால் அது இங்கேதான். ஆனால் அந்த மீன் பார்ப்பது கண்ணாடியை அல்ல, தன் துணையை. கிளவுன் மீன்கள் ஒரு கடல் அனிமனிக்குள் வரிசைமுறை வைத்து வாழும். எல்லாவற்றிலும் பெரியது பெண். அடுத்தது அதன் ஆண் துணை. அதற்குக் கீழே குட்டிகள், ஒவ்வொன்றும் மேலுள்ளதைவிடச் சிறியது. பப்புவா நியூகினியில் இவற்றை ஆராய்ந்த பீட்டர் பஸ்டன் 2003-இல் வெளியிட்ட முடிவு இது: கீழ்நிலையில் உள்ள மீன் தன் வளர்ச்சியைத் தானே கட்டுப்படுத்தி, மேலே உள்ள மீனின் நீளத்தில் ஏறக்குறைய எண்பது சதவீதத்தில் நின்றுகொள்கிறது. அளவில் நெருங்கினால் மேலுள்ள மீன் அதை எதிரியாகப் பார்க்கும், கடித்து விரட்டிவிடும். அனிமனியை விட்டு வெளியே போனால் பெரிய மீன் ஏதாவது பிடித்துத் தின்றுவிடும். அதனால் சிறியதாக இருப்பதே அதற்குப் பாதுகாப்பு. பெண் செத்துவிட்டால் அந்த ஆண் மளமளவென்று வளர்ந்து பெண்ணாகவே மாறும்.

ஆகவே உங்கள் சோடியில் சிறியதாக இருப்பது ஆண், அவ்வளவுதான். அது சுறுசுறுப்பாக இருக்கிறதா, தீனிக்கு வருகிறதா, வயிறு உருண்டிருக்கிறதா, செட்டைகள் கிழியாமல் இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். பெரியது பக்கத்தில் வரும்போது அது உடம்பைப் பக்கவாட்டில் சாய்த்து நடுங்கிக் காட்டினால் பணிந்துபோகிறது என்று பொருள், நல்ல அறிகுறி. பெரியதை மிஞ்ச வைக்க வேண்டும் என்று சின்னதற்குத் தனியாகத் தீனி ஊட்டப் போகாதீர்கள், வீண் சண்டையை நீங்களே மூட்டியதாகிவிடும். இன்னொன்று, உங்களுடையது கடையில் வழக்கமாக விற்கும் ஒசெலாரிஸ் என்றால் 8 முதல் 11 செ.மீ.யோடு நிற்கும். நம் கடலில் பிடிபடும் கிளார்க்கி என்றால் 15 வரை போகும், முரட்டுத்தனமும் கூட. கரிய உடம்பில் வெள்ளைப் பட்டைகளும் மஞ்சள் வாலும் இருந்தால் கிளார்க்கியாக இருக்க வாய்ப்பு அதிகம். அப்படியானால் அந்த மூன்றடித் தொட்டிக்கு அந்தச் சோடியே ஏறக்குறையப் போதும்.

பெரிய தொட்டி ஆசை உண்மையிலேயே இருந்தால் மீனுக்கு முன்னால் உங்கள் வீட்டுத் தளத்தைப் பற்றி யோசியுங்கள். ஆறடித் தொட்டியின் 680 லீட்டர் கடல்நீர் மட்டும் 700 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. கண்ணாடி, கல், மணல், தாங்கி, சம்ப் எல்லாம் சேர்ந்தால் ஒரு தொன்னுக்குக் கிட்டப் போகும். அத்தனையும் ஒரு சதுர மீட்டரைவிடச் சற்றே கூடிய இடத்தில் இறங்கும். வீட்டுத் தளங்கள் சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிலோ என்ற கணக்கில்தான் பொதுவாக வடிவமைக்கப்படுகின்றன. அதற்காகத் தொட்டி வைத்த அன்றே தளம் இடிந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். ஆனால் தளத்தின் நடுவில் வைக்கக் கூடாது, தூணுக்கும் உத்திரத்துக்கும் பக்கத்தில், சுவரோரமாக வைக்க வேண்டும். கட்டடத்தின் வரைபடத்தைப் பார்த்து ஒரு பொறியியலாளர் சரி என்று சொன்ன பிறகே வாங்குங்கள். வாடகை வீடென்றால் சொந்தக்காரரிடமும் சொல்லிவிடுங்கள்.

கடலில் விடும் யோசனையை இப்போதே கைவிடுங்கள். வெள்ளவத்தைக் கரையில் கால்வாய்த் தண்ணீர் கலக்கும் மணல்கரைக்கு அந்த மீன் பழக்கப்பட்டதல்ல, விட்ட அன்றே எதற்காவது இரையாகும். அதைவிட முக்கியமானது, கடையில் பல நாட்டு மீன்களோடு ஒரே தண்ணீரில் இருந்த மீன் என்ன நோயைச் சுமந்திருக்கிறது என்று நமக்குத் தெரியாது. வெளிநாட்டு இனம் என்றால் ஆபத்து இன்னும் பெரியது. நம் பக்கத்துக் கடல்களின் சிங்கமீன் 1985-இல் அமெரிக்காவின் புளோரிடாக் கரையில் முதன்முதலாகத் தென்பட்டது. தொட்டிகளிலிருந்து போனவைதான் காரணம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. இன்று கரீபியன் முழுவதும் பரவி அங்கே உள்ள சிறு மீன்களைத் தின்று தீர்க்கிறது. வளர்ந்த எம்பரரைக் கடைக்காரர் திருப்பி எடுப்பார் என்றும் நம்பியிருக்க வேண்டாம். அவரிடமும் அதற்கு இடம் இருக்காது.

அப்படியானால் அந்த மூன்றடிக்கு என்ன வாங்கலாம்? கிளவுன் சோடி ஒசெலாரிஸ் என்றால் இன்னும் இரண்டு மூன்று சிறு மீனுக்கு இடம் இருக்கிறது. என் தேர்வு, மணலில் வாழும் வாட்ச்மன் கோபியும் அதனோடு ஒரு பிஸ்டல் இறாலும். மீன் 10 செ.மீ.யோடு நின்றுவிடும். கண்பார்வை மங்கிய அந்த இறால் புல்டோசர் மாதிரி மணலைத் தள்ளித் தள்ளி வளை தோண்டும். வளைவாசலில் மீன் காவல் இருக்கும். இறாலின் நீண்ட மீசை ஒன்று எப்போதும் மீனின் உடம்பைத் தொட்டபடியே இருக்கும். ஆபத்து என்றால் மீன் வாலைச் சிலிர்க்கும், மறுகணம் இரண்டும் உள்ளே. புளூ டாங் நாள் முழுக்கக் கண்ணாடியில் முட்டித் திரும்புவதைப் பார்ப்பதைவிட இந்த வாசலின் முன் உட்கார்ந்து பார்ப்பது எவ்வளவோ மேல். மணல் இரண்டு அங்குல ஆழமாவது இருக்கட்டும், கற்களை மணலின் மேல் வைக்காமல் அடிக்கண்ணாடியிலேயே உட்கார வையுங்கள், இல்லாவிட்டால் இறால் தோண்டத் தோண்டக் கல் சரிந்து விழும்.

அதோடு ஒரு ஃபயர்ஃபிஷ் அல்லது ஒரு ரோயல் கிராமா சேர்க்கலாம், இரண்டும் 8, 9 செ.மீ. ஃபயர்ஃபிஷ் துள்ளி வெளியே விழும், வலைமூடி கட்டாயம். பாசி மேயும் மீன் வேண்டும் என்பதற்காகத்தான் டாங் கேட்டீர்கள் என்றால், சிறு பிளெனி ஒன்று அந்த வேலையை ஓரளவு செய்யும். ஆறுகோட்டு ராஸ் சிறியதுதான், ஆனால் பிறகு வரும் மீன்களைத் துரத்தியே கொன்றுவிடும், அதை விட்டுவிடுங்கள். மாண்டரின் மீனும் வேண்டாம். அது உயிருள்ள நுண்ணிரையை நாள் முழுக்கப் பொறுக்கித் தின்னும், உங்கள் அளவுத் தொட்டியில் அந்த இரை சில வாரத்தில் தீர்ந்துபோகும். ஒரு மீனுக்கும் அடுத்த மீனுக்கும் இடையில் ஒரு மாதமாவது விடுங்கள், ஒவ்வொரு தடவையும் அமோனியாவும் நைட்ரேட்டும் அளந்து பார்த்த பிறகே அடுத்தது.

முற்பணத்தைப் பற்றி: கடைக்காரரிடம் போய், இந்த இரண்டும் என் தொட்டிக்குப் பெரியவை, அதே காசுக்குக் கோபியும் இறாலும் எடுத்துக்கொள்கிறேன் என்று மரியாதையாகவே சொல்லுங்கள். மீன் இன்னும் அவர் கடையில்தானே இருக்கிறது, பெரும்பாலும் ஒத்துக்கொள்வார். கோபியை எடுக்கும் முன் உங்கள் கண் முன்னாலேயே ஒரு தடவை தீனி போடச் சொல்லுங்கள். வளையிலிருந்து வெளியே வந்து கவ்வினால் மட்டும் வாங்கிக்கொண்டு வாருங்கள்.